நாய்க்கு ரெய்கி கொடுத்தால் வலி நிஜமாகவே குறைகிறதா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

மழைத்துளி எழுதியது:

வணக்கம். எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு வயது பதிமூன்று. இடுப்பு மூட்டுத் தேய்மானம், எக்ஸ்ரேயில் நன்றாகவே தெரிகிறது. டாக்டர் மெலாக்ஸிகாம் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், எடையையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் ஒற்றைத் தலைவலிக்காக, கை வைத்துச் சக்தி கொடுப்பதாகச் சொல்லும் ரெய்கி வகுப்புக்குப் போய் முதல் நிலை தீட்சை வாங்கியவள். எனக்கு அதில் நிம்மதி கிடைத்தது. அதனால் ராத்திரியில் இவளைப் பக்கத்தில் படுக்கவைத்து இடுப்பில் கை வைக்கிறேன். உள்ளங்கை சூடாகிறது. கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விடுகிறாள், உதட்டை நக்கிக்கொள்கிறாள், பிறகு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போகிறாள். மறுநாள் காலையில் எழுந்திருக்கிற விதமே வேறு மாதிரி இருக்கிறது. கொட்டாவியும் நக்குவதும் அடைபட்ட சக்தி வெளியேறுவதற்கு அடையாளம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

இரண்டு கேள்வி. இது அவள் வலியை உண்மையிலேயே குறைக்கிறதா? குறைக்கிறது என்றால் மாத்திரையைப் பாதியாக்கலாமா? சிறுநீரகத்துக்கு ஆகாது என்று போகிற இடமெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது. திட்டுவதற்கென்றே வருகிறவர்கள் தயவுசெய்து கடந்து போய்விடுங்கள்.

ஆகாயம்99 எழுதியது:

இதுல சந்தேகமே வேண்டாம் சகோதரி. மனுஷனுக்குக் குணமானா "அது நம்பிக்கை, போலி மருந்துலயும் வர்ற பிளசீபோ சுகம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நாய்க்கு ரெய்கின்னா என்னன்னே தெரியாதே, அது எதை நம்பி ஏமாறும்? விலங்குகிட்ட வேலை செய்யுதுன்னா அதைவிடப் பெரிய நிரூபணம் கிடையாது. மாத்திரையை நிறுத்திப் பாருங்க. உடம்புக்குத் தன்னைத் தானே பார்த்துக்கத் தெரியும்.

சந்தேகசாமி எழுதியது:

திட்ட வரவில்லை மழைத்துளி. ஆனால் "நிரூபணம்" என்று ஒருவர் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எமிலி ரோசா என்று ஓர் அமெரிக்கச் சிறுமி. ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். உடம்பைத் தொடாமலே கையை மேலே நகர்த்தி "ஆற்றல் புலத்தை" உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் 'தெரப்யூட்டிக் டச்' முறைக்காரர்கள் 21 பேர் அதில் கலந்துகொண்டார்கள். நடுவே ஒரு தடுப்பு. அதில் உள்ள ஓட்டைகள் வழியாக அவர்கள் இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்திருக்க வேண்டும். சிறுமி காசைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 தடவையில் 123 தடவை சரியாகச் சொன்னார்கள். அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலே பாதி தேறியிருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அப்போது அவளுக்கு வயது பதினொன்று.

வெண்தாமரை எழுதியது:

நான் பல வருஷமாக ரெய்கி கொடுத்தும் கற்றுக்கொடுத்தும் வருகிறவள். சந்தேகசாமி சார், அந்தச் சோதனையை எங்களிடம் நீட்டாத ஆளே இல்லை. இரண்டு விஷயம் சொல்கிறேன். அது ரெய்கி இல்லை. தெரப்யூட்டிக் டச் 1970-களில் டோலோரஸ் கிரீகர், டோரா குன்ஸ் இருவரும் உருவாக்கியது. ரெய்கி ஜப்பானில் மிகாவோ உசுயி 1922-இல் தொடங்கியது. அடுத்தது, அந்தச் சிறுமி பார்த்தது கையை உணர முடிகிறதா என்பதை மட்டும்தான். நோயாளிக்குச் சுகம் கிடைக்கிறதா என்று அவள் பார்க்கவே இல்லை.

உசுயி விட்டுப்போனதில் முக்கியமானது ஐந்து வாக்கியம். இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே என்று போகும். அதைப் பழகிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே மிருகம் அமைதியாவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னவருக்கு: எந்தப் பொறுப்பான ரெய்கி ஆசிரியரும் அப்படிச் சொல்ல மாட்டார். சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

சந்தேகசாமி எழுதியது:

முதல் பாயின்ட் ஒத்துக்கொள்கிறேன், அது ரெய்கி இல்லை. இரண்டாவதும் பாதி சரி. ஆனால் கண்ணை மறைத்தால் கை இருக்கும் இடமே தெரியவில்லை என்கிறபோது, அடைப்பு எங்கே என்று மட்டும் எப்படித் தெரியும்? அப்புறம் அந்த ஐந்து வாக்கியத்துக்கு மேலே இருக்கிற தலைப்பையும் சொல்லுங்கள் மேடம். "எல்லா நோய்க்கும் ஆன்ம மருந்து" என்றும் அதில் இருக்கிறது.

இந்தச் சண்டை புதுசும் இல்லை. 1784-இல் பிரான்சில் மெஸ்மர் என்ற மருத்துவரின் "காந்த சக்தி" சிகிச்சையை விசாரிக்க அரசர் ஒரு குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்கிளின், லவாய்சியர் போன்ற விஞ்ஞானிகள் அதில் இருந்தார்கள். ஃபிராங்கிளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் சக்தி ஏற்றிவிட்டு, ஒரு பையனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப் போனார்கள். அவன் சக்தியே ஏற்றாத நாலாவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். மயக்கம் நிஜம், யாரும் நடிக்கவில்லை. மரத்துக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

குளம்பும்_வாலும் எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். சின்னப் பிராணிகள்தான் அதிகம் பார்க்கிறேன். மழைத்துளி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். சிறுநீரகப் பயம் நியாயமானதுதான். அதற்கு வழி ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினினும் கல்லீரல் என்சைம்களும் பார்த்து, சிறுநீரும் பார்த்து, குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரே சொல்வார். எவ்வளவு குறைந்த அளவில் அவள் வலியில்லாமல் இருக்கிறாளோ அதுதான் எங்களுக்கும் குறி. அவள் வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் கிடந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கு மாத்திரை கொடுக்காமல் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

"நாய்க்குப் பிளசீபோ கிடையாது" என்ற வாதம் கேட்க அழகாக இருக்கும். ஆனால் நாயிடம் நாம் "வலி குறைந்ததா" என்று கேட்பதில்லையே. வீட்டுக்காரரிடம்தான் கேட்கிறோம். ஏமாறுகிற கண் அவருடையது. மூட்டுத் தேய்மான நாய்களை வைத்து 2012-இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. வெறும் போலி மருந்து மட்டும் கிடைத்த நாய்களை, பாதம் தரையில் எவ்வளவு பலமாக ஊன்றுகிறது என்று அளக்கும் தட்டின் மேல் நடக்கவிட்டார்கள். தட்டின் கணக்கில் மாற்றமில்லாத நாய்களையும் "நன்றாகிவிட்டது" என்று சொன்ன சொந்தக்காரர்கள் ஏராளம். அவர்கள் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நடையைப் பார்த்த கால்நடை மருத்துவர்களும் அதே அளவுக்கு ஏமாந்தார்கள். அதாவது நாங்களும்தான்.

இன்னொன்றும் உண்டு. மூட்டுவலி ஏறும் இறங்கும். ரொம்ப மோசமான நாளில்தான் நாம் புதிதாக ஏதாவது செய்யத் தொடங்குவோம். அதற்கடுத்த நாள் எப்படியும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். அந்தப் பெயரை ரெய்கியும் வாங்கிக்கொள்ளும், மாத்திரையும் வாங்கிக்கொள்ளும், டாக்டரும் வாங்கிக்கொள்வார்.

இப்போது நான் கேட்கிறேன். கொட்டாவி விடும்போது அவள் காது எங்கே இருக்கிறது? முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா? கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறதா?

மழைத்துளி எழுதியது:

டாக்டர், கேட்ட பிறகு நேற்று உன்னிப்பாகப் பார்த்தேன். கை வைத்ததும் காது பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறாள். நாக்கு நுனி மட்டும் சட்டென்று வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறது. அப்புறம் கொட்டாவி. வலது இடுப்பில்தான் இப்படி. இடது பக்கம் கை வைத்தால் காது அசையவே இல்லை. வலதிலும் கொஞ்ச நேரத்தில் தளர்ந்து தூங்கிவிடுகிறாள்.

குளம்பும்_வாலும் எழுதியது:

துல்லியமாகப் பார்த்திருக்கிறீர்கள். தூக்கம் இல்லாதபோது வருகிற கொட்டாவி, சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவது, முகம் திருப்புவது, காது ஒட்டுவது, இந்த நாலும் சேர்ந்து வந்தால் நாய் "எனக்கு இது சங்கடமாக இருக்கிறது, ஆனால் உன்னோடு சண்டை போட மாட்டேன்" என்கிறது என்று அர்த்தம். சக்தி வெளியேறுவதாக இதைப் படித்தால் அவள் சொல்வது நம் காதில் விழாமலே போய்விடும். வலது இடுப்பில் தொட்டால் வலிக்கிறது என்பதை அவள் உங்களிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், அவருக்கு உதவும்.

அதற்காகத் தொடுவதை விட வேண்டாம். நெஞ்சிலோ தோளிலோ கை வையுங்கள். சில மூச்சு கழித்துக் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவள் உடம்பைச் சாய்த்துக்கொண்டோ மூக்கால் இடித்தோ கேட்டால் தொடருங்கள். எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.

வெண்தாமரை எழுதியது:

டாக்டர் சொன்ன கடைசிப் பத்தியைத்தான் நான் என் மாணவர்களிடம் தொண்டை வற்றச் சொல்கிறேன். விலங்குக்கு ரெய்கி என்றால் அதைப் பிடித்து உட்காரவைத்துக் கை வைப்பது கிடையாது. நாம் உட்கார வேண்டும், அது வர வேண்டும். வரவில்லையா, அன்றைக்கு ரெய்கி இல்லை. அடைபட்ட சக்தி வெளியேறுகிறது என்ற விளக்கத்தை நானும் கேட்டிருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை. காது ஒட்டியிருக்கும் நாயின் மேல் கை வைக்கவே கூடாது.

மூணுகால்_பூனை எழுதியது:

எல்லாரும் பொறுமையாப் பேசுறீங்க, என்னால முடியல. என் அக்கா வீட்டு ஆண் பூனை. மண்ணுத் தட்டுல போய்ப் போய் உட்காருது, முக்குது, ஒரு சொட்டு வரல. அடிவயித்தை நக்கிக்கிட்டே கத்துது. அக்கா ஃபோட்டோ அனுப்பினது டாக்டருக்கு இல்ல, தொலைதூர ஹீலிங் பண்ற ஒருத்தருக்கு. அவர் மூலாதாரச் சக்கரத்துல அடைப்பு, மூணு அமர்வுல சரியாயிடும்னார். நான் போய்ச் சேர்ந்தப்ப பூனை வாந்தி எடுத்துட்டுக் கிடக்குது, உடம்பு சில்லுன்னு இருக்கு. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு எடுத்தாங்க. பிழைச்சது. அடைப்பு இருந்தது உண்மைதான், சக்கரத்துல இல்ல, சிறுநீர்க் குழாய்ல.

குளம்பும்_வாலும் எழுதியது:

ஆண் பூனை வைத்திருக்கிறவர்கள் இந்தப் பதிவைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகத் தூளோ சளிக்கட்டியோ அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தப்பும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பூனை வலியை மறைக்கும் என்பார்கள். முகத்தில் மறைக்க முடியாது. 2019-இல் வெளியான பூனை முகபாவ அளவுகோலில் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: காது வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கு-வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும்.

நறுமணம் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ரெய்கி பக்கம் போனதில்லை, அரோமாதெரபிதான். வாசனை எண்ணெயைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசரில் டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் போடுவேன். வீட்டில் பூனை இரண்டு, லவ் பேர்ட்ஸ் ஒரு கூண்டு. உண்ணி போக டீ ட்ரீ எண்ணெயைப் பூனை கழுத்தில் தடவலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இயற்கைதானே, செய்யலாமா?

குளம்பும்_வாலும் எழுதியது:

வேண்டவே வேண்டாம். இந்த இழையிலேயே ஆபத்தான விஷயம் இதுதான். ரெய்கி கை பூனைக்கு விஷமாகாது, டீ ட்ரீ எண்ணெய் ஆகும். பல வேதிப்பொருட்களைக் குளுக்கூரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றுகிற வேலையை நம் கல்லீரல் செய்கிறது. பூனையின் கல்லீரலில் அதற்கான என்சைம் ஒன்றுக்கு உரிய மரபணு செயலிழந்து கிடக்கிறது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும் இதுதான் காரணம். தோலில் தடவிய எண்ணெய் உள்ளே இறங்கும், நக்கும்போது வயிற்றுக்கும் போகும். தள்ளாட்டம், நடுக்கம், எச்சில் ஒழுகுவது எல்லாம் வரும். நாய்க்கும் இந்த எண்ணெய் ஆகாது. பறவை இருக்கிற அறையில் டிஃப்யூசரே கூடாது. அதன் நுரையீரலும் காற்றுப்பைகளும் காற்றிலிருப்பதை நம்மைவிட வேகமாக உள்வாங்கும்.

ஏற்கெனவே தடவியிருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

நறுமணம் எழுதியது:

தடவவில்லை டாக்டர். டிஃப்யூசரை அணைத்துவிட்டேன்.

ஆகாயம்99 எழுதியது:

சரி, எண்ணெய் வேண்டாம். ஹோமியோபதி? பாக் மலர் மருந்து? அக்குபங்சர்? லேசர்? அதெல்லாம் கால்நடை ஆஸ்பத்திரிலயே கொடுக்கிறாங்களே. அப்ப எனர்ஜி ஹீலிங்கை மட்டும் ஏன் ஓரங்கட்டுறீங்க?

சந்தேகசாமி எழுதியது:

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் எப்படி சார்? லேசர் என்பது ஒளி, அலைநீளம் உண்டு, மீட்டர் வைத்து அளக்கலாம். அது மூட்டுக்கு எவ்வளவு உதவும் என்பது தனிக் கேள்வி. ஆனால் ஒன்று உள்ளே போகிறது என்பதில் சண்டை இல்லை. அக்குபங்சர் ஊசி நிஜமாகவே தோலைக் குத்துகிறது, நரம்பைத் தூண்டுகிறது. ஆய்வு முடிவுகள் கலவையாக இருந்தாலும் பேச ஒரு விஷயம் இருக்கிறது. ஹோமியோபதியில் 12சி-யை, அதாவது நூறில் ஒரு பங்காகப் பன்னிரண்டு முறை நீர்ப்பதை, தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு இருந்தாலே அதிர்ஷ்டம். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு (RCVS) 2017-இல் ஹோமியோபதி பற்றிச் சொன்னது இதுதான்: தகுந்த சான்றுள்ள சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கொடுக்கக் கூடாது, வேண்டுமானால் கூடவே கொடுங்கள். பாக் மலர் மருந்து 38 வகை, எட்வர்ட் பாக் 1930-களில் உருவாக்கியது. வழக்கமான புட்டியில் பிராந்திதான் அடிப்படை. நாய்க்குக் கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள்.

மீண்டவள் எழுதியது:

நான் பெரும்பாலும் படித்துவிட்டு மட்டும் போகிறவள். மனுஷர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த மாதங்களில் ஒரு தன்னார்வலர் வந்து ரெய்கி கொடுப்பார். அதனால் கட்டி கரைந்தது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கட்டியைக் கரைத்தது மருந்து. ஆனால் கையில் ஊசி இல்லாமல் ஒருவர் என்னைத் தொட்டது அப்போது மட்டும்தான். அறிக்கை கேட்காமல், "எப்படி இருக்கு?" என்று கேட்காமல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ரெய்கி பயன்படும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2015-இல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் ஆய்வு வந்ததை நானும் படித்தேன். கோபம் வரவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான்.

சந்தேகசாமி எழுதியது:

இதை மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை மேடம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. "தன் கண்ணே ஏமாற்றும்" என்று டாக்டர் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் வீட்டில் நடைத்தட்டு கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். காலையில் அவள் படுக்கையிலிருந்து எழுந்து கதவுவரை நடப்பதை ஒரே இடத்திலிருந்து போனில் எடுத்தேன். தம்பி காசு சுண்டிச் சொல்வான், தலை விழுந்த ராத்திரி மட்டும் ரெய்கி. மாத்திரை எல்லா நாளும் ஒரே நேரத்தில், ஒரே அளவு. பிறகு வீடியோக்களைக் கலைத்துப்போட்டு, எது எந்த நாள் என்று தெரியாத என் சித்தியிடம் காட்டி நடைக்கு மார்க் போடச் சொன்னேன்.

ரெய்கி நாளுக்கும் மற்ற நாளுக்கும் சித்தி மார்க்கில் வித்தியாசமே இல்லை. ஆனால் நடுவில் மார்க் சட்டென்று ஏறியிருந்தது. என்னவென்று தேடினால், அன்றைக்குத்தான் வழுக்கும் டைல்ஸ் மேல் கதவுவரை ரப்பர் பாய் விரித்திருக்கிறோம், நகமும் வெட்டியிருக்கிறோம்.

ரெய்கியை விடவில்லை. இப்போது நெஞ்சில்தான் கை வைக்கிறேன், அவளாக வந்தால் மட்டும். வருகிறாள். கை எடுத்தால் முன்னங்காலால் தட்டுகிறாள். ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார். வலது இடுப்பைத் தனியாக அழுத்திப் பார்த்துவிட்டு பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆகாயம்99 எழுதியது:

ஒரு நாயை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.

சந்தேகசாமி எழுதியது:

முதல் முறையாக உங்களோடு ஒத்துப்போகிறேன். ரெய்கியால் நன்றானது என்று சொல்லும் நாய்களுக்கும் இதே விதியைப் போட்டுவிடலாமா?

வெண்தாமரை எழுதியது:

மழைத்துளி, உங்கள் காசு சுண்டும் முறையை என் வகுப்பில் சொல்லப்போகிறேன். சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

டாக்டரிடம் ஒரு உதவி. மூணுகால்_பூனை எழுதியதைப் படித்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கும் தொலைதூர அமர்வு கேட்டு விலங்குகளின் ஃபோட்டோ வரும். இனி ஒத்துக்கொள்ளும் முன் மூன்று கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன். சாப்பிட்டதா? சிறுநீர் போனதா? மூச்சு சாதாரணமாக இருக்கிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் அமர்வு கிடையாது, முதலில் ஆஸ்பத்திரி. போதுமா?

குளம்பும்_வாலும் எழுதியது:

நல்ல கேள்விகள். இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய் என்றால், வயிறு உப்பியிருக்கிறதா, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரிக்கிறதா? பெரிய இன நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டால் இப்படித்தான் தொடங்கும், சில மணி நேரம்தான் அவகாசம். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால், சினைப்பருவம் முடிந்து சில வாரத்தில் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா? கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். கடைசியாக, எந்தப் பிராணியானாலும் உதட்டைத் தூக்கி ஈறைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமாக ரோஜா நிறத்தில் இருக்கிற ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அவர்களோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள், போனை வைத்துவிட்டு உடனே கிளம்பச் சொல்லுங்கள்.

வெண்தாமரை எழுதியது:

எழுதி வைத்துக்கொண்டேன். ஈறு இயற்கையாகவே கறுப்பாக இருக்கும் நாய்களுக்கு என்ன செய்வது?

குளம்பும்_வாலும் எழுதியது:

கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நிறம் தெரியும்.